வேலையைப் பறிப்பதா, ஆசனத்தை மாற்றுவதா?

“சேர், அவன வேலைய விட்டே தூக்கச் சொல்லி ஒரு பெட்டிசம் எழுதித் தாங்க.”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நான்கு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் போனை நீட்டினான். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் வீடியோ. சுற்றுலா போகும் வேனுக்குள் எடுத்தது. பின் சீட்டில் ஒருவர் தாளம் தட்டிப் பாடுகிறார், மற்றவர்கள் பின்பாட்டு. நடுவே “கள்ளத்தோணி”, அதாவது மலையகத் தமிழரைத் திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்று ஏசும் சொல், மூன்று முறை வருகிறது. நான் இங்கே எழுத விரும்பாத வேறு இரண்டு சொற்களும் வருகின்றன. பாடுபவர் பிரதேச செயலகமொன்றில் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர். இந்தப் பையன்கள் வீட்டு விண்ணப்பங்கள் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வீடியோ வந்தது ஒரு நீண்ட வார இறுதியில். அடுத்த புதன்கிழமை அந்தப் பையன்களில் ஒருவனின் அம்மா, மகளின் அடையாள அட்டை விண்ணப்பத்தோடு அங்கே போயிருக்கிறார். பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. வரிசையில் நின்று, தன் முறைக்கு இன்னும் இரண்டு பேர் என்றிருக்கும்போது ஜன்னலில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். பிளாஸ்டிக் பைலைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டார். வீட்டில் கேட்டதற்கு “கூட்டமா இருந்திச்சு” என்றாராம். ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம், போனது, பஸ் காசு போனது, விண்ணப்பம் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது.

நான் முப்பத்தொரு வருடம் அரச இலிகிதர். சில ஒழுக்காற்று விசாரணைகளில் மூலையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியவன். ஓய்வுபெற்ற பிறகு இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஆசிரியர் ஒருவரின் வட்ஸ்அப் குரல்பதிவு, சீருடை கழற்றிய பிறகு சாராயக் கடையில் பேசிய பொலிஸ்காரர், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நம்மவர் ஒருவர் கல்யாண வீட்டில் சொன்னது. எல்லாமே கடமை நேரத்துக்கு வெளியே நடந்தவை. என்ன கேட்பது? சும்மா விடுவதா, மன்னிப்பா, மாற்றமா, விசாரணையா, வேலை நீக்கமா, பொலிஸா? ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலானோர் முதலில் அளப்பது, சொன்ன சொல் எவ்வளவு அசிங்கமானது என்பதை. என் அனுபவத்தில் அது கடைசியில் வர வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது ஆசனம். அந்த ஆள் தன் வேலையில், தான் ஏசிய மக்கள் மேல் என்ன அதிகாரம் வைத்திருக்கிறார்? அடைக்கலாம், அடிக்கலாம் என்றால் ஒன்று. பிள்ளைக்குப் புள்ளி போடலாம் என்றால் ஒன்று. பைலை அடியில் தள்ளி வைக்கலாம் என்றால் ஒன்று. மழைமானி பார்த்துக் குறிப்பெழுதும் வேலை என்றால் முற்றிலும் வேறு.

அடுத்தது, சொன்னது வசையா அல்லது “போய்க் கொளுத்துங்கடா” என்கிற வகையா. ஒருமுறையா, வழக்கமா. நான்கு பேர் குழுவிலா, ஊருக்கே தெரிய பேஸ்புக்கிலா.

மூன்றாவது, நிரூபிக்க முடியுமா. ஸ்கிரீன்ஷொட் மட்டும் வைத்திருக்கிறவர்கள் இதில்தான் தோற்கிறார்கள். கணக்கு என்னுடையதல்ல, யாரோ என் படத்தைப் போட்டுச் செய்தது என்று சொன்னால் முடிந்தது.

நான்காவது, முறைப்பாடு செய்கிறவருக்கு என்ன செலவு. விசாரணைக்கு மூன்று தரம் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ அழைத்தால் மூன்று பேர் போகும். அலுவலகத்தில் இருப்பவருக்கு அது “கடமை விடுமுறை”.

ஐந்தாவதை இளைஞர்கள் யாரும் கேட்பதில்லை. நாம் இன்று கேட்கிற இதே தண்டனை, இதே விதி, நாளைக்கு யார் மேல் விழும்?

## சும்மா விடுவது

இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. வேலை நேரம் முடிந்தால் மனிதன் அவன் பாட்டுக்கு இருக்கலாம் என்பது நல்ல விதி. நம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை அரச ஊழியருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறது. 15(2) இன, மத இணக்கத்துக்காக அதைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆகவே கதவு பூட்டியும் இல்லை, அகலத் திறந்தும் இல்லை.

அமெரிக்காவில் 1987இல் தீர்ந்த வழக்கொன்று இங்கே உதவும். டெக்சாஸில் ஒரு பொலிஸ் வகை அலுவலகத்தில் கணினியில் தரவு பதியும் பெண், ஜனாதிபதி ரேகனைச் சுட முயன்ற செய்தி கேட்டு, அடுத்த தடவையாவது குறி தப்பாமல் இருக்கட்டும் என்ற பொருளில் சகாவிடம் சொன்னார். வேலை போனது. அந்நாட்டின் உச்சமான உயர் நீதிமன்றம் நீக்கியது தவறு என்றது. அது இனவாதப் பேச்சு அல்ல, அரசியல் பேச்சு. ஆனாலும் நீதிபதிகள் பார்த்ததில் முக்கியமான ஒன்று நான் மேலே சொன்ன ஆசனம்தான். அவருக்குப் பொதுமக்களோடு தொடர்பில்லை, கையில் துப்பாக்கியில்லை, ஆட்களைப் பிடிக்கும் அதிகாரமில்லை.

எனவே பின்னறையில் கணக்குப் பார்க்கும் ஒருவர் தன் சொந்தக் குழுவில் ஒருமுறை கேவலமாக ஒன்று சொல்லி, அது கசிந்து உங்கள் கைக்கு வந்திருந்தால், விட்டுவிடுவதே மேல். கோபம் இருக்கும், இருக்கட்டும்.

ஜன்னலில் இருப்பவரை இப்படி விட முடியாது. அந்த அம்மா திரும்பி வந்தது ஒரு பதிவேட்டிலும் ஏறாது. “எங்கள் அலுவலகத்தில் பாகுபாடு பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை” என்று அந்த அலுவலகம் வருட முடிவில் எழுதினால் அது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்கும். அப்புறம் 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிப் பக்கத்துத் திகனையும் தெல்தெனியவும் எரிந்த வாரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அவசரகால நிலை அறிவித்து, பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுக்க முடக்கும் அளவுக்குப் போனது. போனில் ஓடுவது போனுக்குள்ளேயே இருக்கும் என்று நினைக்க எங்களுக்கு வசதியில்லை.

## மன்னிப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரதேச செயலாளர் அறையில் தேநீர் வைத்து “யார் மனதாவது புண்பட்டிருந்தால்” என்று வாசிக்கப்படும் மன்னிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே போய் உட்கார்ந்து தலையாட்ட வேண்டியவர் பாதிக்கப்பட்டவர். தலையாட்டாவிட்டால் “இவங்களோட சமாதானமே ஆக முடியாது” என்று ஆகிவிடும். இளம் ஊழியர், முதல் தடவை, சொன்னது ஒரு சக ஊழியரைப் பற்றி என்றால் பலிக்கலாம். மற்ற இடங்களில் விசாரணையோடு சேர்ந்து வந்தால் வரட்டும். அதற்குப் பதிலாக வரக் கூடாது.

## இடமாற்றம்

இதைப் பற்றி மலையகத்துக்காரன் பேசாமல் வேறு யார் பேசுவது?

அரச சேவையில் எவருக்கும் நோகாத தண்டனை இடமாற்றம்தான். மேலதிகாரிக்குத் தலையிடி தீரும், தொழிற்சங்கம் பெரிதாகச் சத்தம் போடாது, பெட்டிசம் போட்டவருக்கு “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று பதில் எழுதலாம். எங்கே மாற்றுவார்கள்? கஷ்டப் பிரதேசத்துக்கு. கஷ்டப் பிரதேசம் எது? மஸ்கெலியாவுக்கு மேலே, இராகலைக்கு அப்பால், பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தரம் போகிற, லயமும் கொழுந்து மடுவமும் இருக்கிற இடங்கள். ஆங்கிலேயன் காலத்தில் துரைமாருக்குச் சுகவாசஸ்தலமாக இருந்த மலை, அரச சேவைக்குத் தண்டனைக் களம். கீழ்நாட்டில் குடித்துவிட்டு வேலைக்கு வந்தவரும், காசு வாங்கி மாட்டியவரும் பெட்டியோடு வந்து இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர்களில் நல்லவர்களாக மாறி இங்கேயே கல்யாணம் முடித்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தமிழரை ஏசியதற்காக ஒருவரை மாற்றும்போது இந்த வழக்கம் கேலிக்கூத்தாகிவிடுகிறது. ஒரு தோட்டப்புற அலுவலகத்திலிருந்து இன்னொரு தோட்டப்புற அலுவலகத்துக்குப் போவார். அங்கே அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. வீடியோ அந்த ஊருக்கு வந்திருக்காது. தன்னை இங்கே கொண்டுவந்து தள்ளியது யார் என்ற கோபம் மட்டும் அவரோடு வரும். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்வது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் வேறொரு அம்மா.

ஆகவே பெட்டிசத்தில் “உடனடியாக இடமாற்றவும்” என்று மட்டும் எழுதாதீர்கள். நானும் முன்பு எழுதியிருக்கிறேன். ஒருமுறை நாங்கள் பெட்டிசம் போட்டு அனுப்பிய ஆள், ஒன்றரை வருடத்தில் என் மனைவியின் ஊருக்கே வந்து சேர்ந்தார். அன்றைக்கு வீட்டில் வாங்கிய பேச்சோடு விட்டேன்.

## ஆசனத்தை விட்டு எடுத்து, விசாரணை

இது இடமாற்றம் போலத் தெரியும். ஊரை மாற்றாமல், செய்யும் வேலையை மாற்றுவது. அதே கட்டடத்தில், அதே சம்பளத்தில், மக்களைத் தொடாத மேசைக்கு அனுப்பிவிட்டு விசாரணை நடத்துவது.

இதற்கு நல்ல முன்மாதிரி கனடாவில் இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மல்கம் ரொஸ் என்ற பள்ளிக்கூட ஆசிரியர், வகுப்புக்கு வெளியே, சொந்த நேரத்தில், யூதர்களுக்கு எதிராக வருடக்கணக்கில் எழுதி அச்சிட்டார். வகுப்பில் அவர் அப்படி எதையும் சொன்னதாகச் சான்றில்லை. ஒரு யூதத் தகப்பனார் 1988இல் முறைப்பாடு செய்தார். வழக்கு உச்சம் வரை போய் 1996இல் முடிந்தது. அவரை வகுப்பறையை விட்டு எடுத்தது சரி என்றது கனடிய உயர் நீதிமன்றம். இப்படி எழுதுகிற ஒருவர் முன்னால் உட்காரும் யூதப் பிள்ளைக்கு அந்த வகுப்பு எப்படி இருக்கும் என்பது அதற்குப் போதுமான காரணமாக இருந்தது. ஆனால் கற்பித்தல் இல்லாத வேலைக்குப் போன பிறகும், மறுபடி எழுதினால் உடனே வேலை போகும் என்ற நிபந்தனையை அதே நீதிமன்றம் வெட்டிவிட்டது. பிள்ளைகளை விட்டுத் தூரமான மேசையில் அவர் என்ன எழுதினாலும் வேலையைப் பறிக்க அது காரணமில்லை. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. மக்களைத் தொடும் இடத்தை எடுத்துவிட்டு, சோற்றை எடுக்காமல் விட்டது.

இங்கே இதற்கு வழி, அரச ஊழியர்களுக்கான விதிப்புத்தகமான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி. பொதுச் சேவைக்கு அபகீர்த்தி தேடித் தருவது அதன்படி குற்றம். கடமை நேரத்தில் செய்தால்தான் குற்றம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். முதலில் ஆரம்ப விசாரணை, பிறகு குற்றப்பத்திரிகை, பிறகு முறைசார் விசாரணை. தண்டனை கண்டிப்பிலிருந்து தொடங்கி, சம்பள ஏற்றத்தை நிறுத்துவது, பின்போடுவது என்று மேலே போய் வேலை நீக்கத்தில் முடியும். வெளியில் இருப்பவர்களுக்குச் சம்பள ஏற்றம் நிற்பது சின்ன விஷயமாகத் தெரியும். உள்ளே இருந்தவன் சொல்கிறேன், அது ஓய்வூதியம் வரை இழுக்கும். சுயவிவரக் கோவையில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறினால் பதவி உயர்வு நேர்முகத்தில் ஒவ்வொரு தடவையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வேனில் பாடுகிற ஆட்களுக்கு இந்தப் பயம் நன்றாக வேலை செய்யும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். மாதங்கள் ஓடும். சாட்சிக்கு அழைத்த நாளில் விசாரணை அதிகாரி வராமல் போவார். அதனால்தான் ஆசனத்தை மாற்றும் கோரிக்கையை விசாரணையின் முடிவுக்கு விடாமல் முதல் வரியிலேயே வைக்கச் சொல்கிறேன். அதற்குக் குற்றப்பத்திரிகையும் தேவையில்லை, ஆணைக்குழுவும் தேவையில்லை. அலுவலகத் தலைவர் நினைத்தால் மறுநாள் காலை வேலைப் பங்கீட்டை மாற்றிவிடலாம்.

## வேலை நீக்கம்

பையன்கள் கேட்டது இதைத்தான். சில இடங்களில் நானும் இதைத்தான் கேட்பேன்.

நியூயோர்க்கில் 1998இல் ஓர் ஊர்வலம். ஒரு பொலிஸ்காரரும் இரண்டு தீயணைப்பு வீரர்களும் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் வண்டியில் ஏறிப் போனார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் டெக்சாஸில் கறுப்பினத்தவர் ஒருவரை வாகனத்தில் கட்டி இழுத்துக் கொன்றிருந்தார்கள். அதையும் ஒருவர் நடித்துக் காட்டினார். கடமையில் இல்லை, சீருடை இல்லை. நகரம் மூவரையும் நீக்கியது. முதல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் நகரம் செய்தது சரி என்றது. எந்த வீட்டுக்கும் ஓடிப் போய் உதவ வேண்டிய பொலிஸும் தீயணைப்பும் மக்களின் நம்பிக்கை இல்லாமல் வேலை செய்ய முடியாது என்பது காரணம். இழுபறி எட்டு வருடம்.

பொலிஸ் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தமிழ் இளைஞர்களைக் கொன்றபோது பொலிஸ்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களும் 2005இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். ஒரு பொலிஸ்காரர் சாராயக் கடையில் ஓர் இனத்தைப் பற்றி “இவங்கள முடிக்கணும்” என்று பேசினால், அடுத்த கலவரத்தில் அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார் என்ற கேள்விக்கு நான் காத்திருக்க மாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் எச்சரித்த பிறகும் விடாமல் பகிரங்கமாக எழுதினால், அவருக்கும் வகுப்பறை கூடாது. கற்பித்தல் இல்லாத வேலை கொடுக்க முடியாவிட்டால் நீக்கம்தான்.

ஜன்னல் இலிகிதருக்கு? இங்கேதான் பையன்களோடு ஒத்துப்போகவில்லை.

“தம்பி, இந்த நாட்டில் ஊர் கூடி ஓர் அரச ஊழியரை வேலையை விட்டுத் தூக்கு என்று கேட்ட கதை ஒன்று தெரியுமா?” என்று கேட்டேன். 2019இல் குருநாகல் போதனா வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர், சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையிலும் பேஸ்புக்கிலும் கிளப்பினார்கள். கைது, கட்டாய விடுமுறை. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் ஒன்றும் நிற்கவில்லை. வருடங்கள் கழித்து நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது அதை ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். அவரை நீக்கச் சொல்லிக் கத்தியவர்கள் தாங்கள் நாட்டைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்கள். கூட்டத்தின் சத்தத்துக்கு வேலை போகும் என்று வழக்கமானால், சத்தம் போடும் ஆள்பலம் யாரிடம் இருக்கிறது? மலையகத் தமிழர் நாட்டின் சனத்தொகையில் மிகச் சிறிய பங்கு.

விதியும் அப்படித்தான். 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு, சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்லும் அரச ஊழியர்கள் மேல் தாபன விதிக்கோவையின்படி ஒழுக்காற்று நடவடிக்கை வரும் என்று சுற்றறிக்கை விட்டது. ஆட்சிக்கு எதிரான மக்கள் போராட்டமான அரகலய நடந்து முடிந்த சூடு. யாருடைய வாயை மூட வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவில் குடிவரவுத் திணைக்கள ஊழியர் ஒருவர் புனைபெயரில் தன் திணைக்களத்தின் கொள்கையை டுவிட்டரில் விமர்சித்ததற்கு வேலை போனது. 2019இல் அந்நாட்டு உச்ச மன்றமும் அது சரி என்றது. அகதிகளுக்காகப் பேசியவர் அவர். ஓய்வு நேரப் பேச்சுக்கு வேலையைப் பறிக்கலாம் என்ற கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்.

இன்னொரு செலவு, நீக்கப்பட்டவரின் குடும்பம். சம்பளத்தோடு ஓய்வூதியமும் போகும். நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபை, அதன் பிறகு நீதிமன்றம் என்று அவர் போவார், போக உரிமையும் இருக்கிறது. நடைமுறையில் ஓர் ஓட்டை இருந்தாலும் முழுச் சம்பள நிலுவையோடு அதே ஜன்னலுக்குத் திரும்பி வருவார். அந்த நாளை நினைத்துப் பாருங்கள். பெட்டிசத்தில் கையெழுத்து வைத்தவர்களின் பெயர் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

## பொலிஸும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும்

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டம். இன, மத வெறுப்பைத் தூண்டி, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ இட்டுச் செல்லும் பேச்சுக்குப் பத்து வருடம் வரை சிறை. பிணை மேல் நீதிமன்றத்தில்தான் கிடைக்கும். காகிதத்தில் நமக்காகவே எழுதியது போல இருக்கிறது.

நடந்தது வேறு. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் சட்டையில் இருந்த கப்பல் சுக்கான் படம் தர்மச் சக்கரம் போலத் தெரிந்ததாம். இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே. 2020இல் கண்டிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவர், இனவாதத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்வோம் என்று பேஸ்புக்கில் எழுதியதற்கு ஐந்து மாதம் மறியலில் இருந்தார். அந்தக் கைது அவருடைய அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023இல். அதற்கும் முன்னால், இன முறுகலை உண்டாக்க எழுதினார் என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2009இல் இருபது வருடம் விதிக்கப்பட்டவர் ஜே.எஸ். திசைநாயகம், ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர். மறு வருடம் பிணையில் வெளியே வந்தார், பிறகு மன்னிப்பும் கிடைத்தது.

“கொளுத்து”, “அடி”, “வெட்டு” என்று இடம், நேரம் சொல்லிப் பதிவு வந்தால் தயங்காமல் பொலிஸுக்குப் போங்கள், அன்றைக்கே போங்கள். வசைக்கு இந்தக் கதவைத் தட்டாதீர்கள்.

## நம்மவர் என்றால்?

பையன்களில் ஒருவனிடம் இதைக் கேட்டதும் முகம் மாறியது. ஆஸ்பத்திரி ஊழியர் கதையை அவன்தான் கொண்டு வந்திருந்தான். வடக்கிலிருந்து வந்த தமிழர், கல்யாண வீட்டில் “தோட்டக்காட்டான் எல்லாம் இப்ப டை கட்டிட்டான்” என்றாராம். அது வெறும் பேச்சுத்தானே, சேர், என்றான். ஏன், அவர் வேலை செய்யும் வார்டில் படுத்திருப்பது தோட்டக்காட்டான்தானே என்றேன்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த ஒரு பிரியாவிடை விருந்தில், முஸ்லிம் வியாபாரிகளைப் பற்றி ஒருவர் சொன்ன பகிடிக்கு நானும் சிரித்தேன். நானும் ஜன்னலில் இருந்தவன்தான். யாரும் வீடியோ எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

## யாருக்கு எது: ஒரு பார்வையில்

| ஆசனம் | ஒருமுறை வசை | விடாமல், பகிரங்கமாக | வன்முறைக்கு அழைப்பு |
|---|---|---|---|
| பொலிஸ் | ஒழுக்காற்று விசாரணை, மக்களைக் கையாளும் கடமையிலிருந்து விலக்கல் | வேலை நீக்கம் | வேலை நீக்கம், வழக்கு |
| ஆசிரியர் | எழுத்து மூல எச்சரிக்கை | வகுப்பறையிலிருந்து விலக்கல், முடியாவிட்டால் நீக்கம் | வேலை நீக்கம், வழக்கு |
| ஜன்னல் இலிகிதர், கிராம உத்தியோகத்தர் | மக்களைத் தொடாத மேசை, விசாரணை | சம்பள ஏற்றத் தடை, பதவி உயர்வு நிறுத்தம் | வேலை நீக்கம், வழக்கு |
| வார்டு ஊழியர், தாதி | எச்சரிக்கை, மேற்பார்வை | நோயாளரைத் தொடாத வேலை, விசாரணை | வேலை நீக்கம், வழக்கு |
| பின்னறைக் கணக்கு, களஞ்சியம் | விடுங்கள் | எச்சரிக்கை | விசாரணை, வழக்கு |

பேசியதோடு நிற்காமல் ஜன்னலில் பாகுபாடு காட்டினால் கதையே வேறு. அது 12ஆம் உறுப்புரை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி, பதுளை அலுவலகங்களுக்குப் போகலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம், எண்ணிக்கொள்ளுங்கள். வேனுக்குள் பாடியது நிர்வாகச் செயல் ஆகாது, அடையாள அட்டை விண்ணப்பத்தைத் திருப்பி வீசியது ஆகும்.

## பெட்டிசம்

கடைசியில் நாங்கள் எழுதியது ஒன்றரைப் பக்கம். பிரதேச செயலாளருக்கு, பிரதிகள் மாவட்டச் செயலாளருக்கும் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும். (ஆசிரியர் என்றால் வலயக் கல்விப் பணிப்பாளர், பொலிஸ் என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு.) வீடியோவை யார் கணக்கில், எந்தத் திகதியில், எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று எழுதினோம். இணைப்பு முகவரியையும், அழிவதற்கு முன் இறக்கிய பிரதியையும் இறுவட்டில் சேர்த்தோம். வசைச் சொற்களை வீடியோவில் உள்ளபடியே எழுதினோம், “தகாத வார்த்தைகள்” என்று மூடவில்லை. கோரிக்கை மூன்று. விசாரணை முடியும் வரை மக்களைத் தொடாத மேசை. தாபன விதிக்கோவையின்படி முறையான விசாரணை. வேறு தோட்டப்புற அலுவலகத்துக்கு மாற்ற வேண்டாம்.

மூன்றாவதை அவர்கள் முதலில் விரும்பவில்லை. “நம்ம ஊர விட்டுப் போனாப் போதும் சேர்” என்றான் ஒருவன். இராகலையில் அவனுக்கு ஒரு சித்தி இருக்கிறார் என்பது ஞாபகம் வந்ததும் சரி என்றான்.

பதிவுத் தபாலில் போட்டோம். “தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்று ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் சத்தமில்லை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்றாவது முடிவு சொல்ல வேண்டும். விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டு அந்த விண்ணப்பத்தைப் பையன்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுத்து அழகாக இருந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலால் “வேலை நீக்கம்?” என்று யாரோ எழுதி, ரப்பரால் அழித்திருந்தார்கள்.

அம்மாவின் விண்ணப்பத்தை அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போய்க் கொடுத்தோம். ஜன்னலில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பெயரைத் தமிழில் சரிபார்த்து, ஓர் எழுத்தைத் திருத்தச் சொல்லி, பற்றுச்சீட்டுக் கொடுத்தாள். அந்த ஆள் லீவிலா, வேறு மேசையிலா என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டார். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.